எந்த மீனுக்கு எந்த ஃப்ளை ராடு? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஃப்ளை ஃபிஷிங்கில் இறங்குகிறவர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். கேட்டவர்கள் கேட்ட மாதிரியே போட்டிருக்கிறேன். எளிதானவை முதலில், போகப் போகச் சிக்கலானவை. பின்னால் வரும் பதில்கள் முன்னால் சொன்னதை வைத்துத்தான் பேசும், அதனால் ஒரு முறையாவது வரிசையாகப் படித்துவிடுங்கள்.

சாதாரணத் தூண்டில் ராடு என்னிடம் இருக்கிறது. அதிலேயே ஃப்ளையைக் கட்டி வீசினால் போகாதா?

போகாது. சாதாரணத் தூண்டிலில் ஈயக் குண்டோ கனமான பொய் இரையோ முன்னால் பறக்கும், மெல்லிய தங்கூஸ் அதன் பின்னால் இழுபட்டுப் போகும். ஃப்ளை என்பது முள்ளின் மேல் இறகும் மயிரும் நூலும் வைத்துக் கட்டிய பொய் இரை. அதற்கு எடையே கிடையாது என்று சொல்லலாம். கையால் எறிந்தால் காலடியில்தான் விழும்.

அதனால் இங்கே எடை லைனில் இருக்கிறது. தடித்த, பூச்சுப் பூசிய லைனைப் பின்னாலும் முன்னாலும் வீசும்போது அதன் எடைதான் ராடை வளைக்கிறது. ராடு நிமிரும்போது லைன் மடிப்பாக விரிந்து போய், நுனியில் இருக்கும் ஃப்ளையைத் தண்ணீரில் வைக்கிறது. இந்த ஒன்று பிடிபட்டால் கீழே வரும் எல்லா எண்களும் பிடிபடும்.

ராடு மேல 5, 8, 12 என்று போட்டிருக்கிறதே, அது மீனோட எடையா?

இல்லை, அந்த ராடு எந்த எடை லைனை வீசுவதற்காகச் செய்யப்பட்டது என்பதைச் சொல்லும் எண். லைனின் முதல் 30 அடியை நிறுத்துப் பார்த்து இந்த எண்ணைக் கொடுக்கிறார்கள். எடையை கிரெயின் என்ற அளவில் சொல்வார்கள். ஒரு கிரெயின் சுமார் 0.065 கிராம். 5-ஆம் எண் லைன் 140 கிரெயின், அதாவது 9 கிராம். 8-ஆம் எண் 210 கிரெயின், சுமார் 13.6 கிராம். 12-ஆம் எண் 380 கிரெயின், கிட்டத்தட்ட 25 கிராம்.

5-ஆம் எண் ராடில் ஐந்து கிலோ மீன் ஏறக்கூடாது என்று எந்த விதியும் இல்லை. 12-ஆம் எண்ணில் அரைக் கிலோ மீன் மாட்டினாலும் ஒன்றும் ஆகாது, மாட்டியதே தெரியாமல் போகலாம், அவ்வளவுதான்.

அப்போ பெரிய மீனுக்குப் பெரிய நம்பர் என்று எடுத்துக்கொண்டால் சரியா?

பாதிதான் சரி. மீனில் ஆரம்பித்து நேராக ராடுக்குத் தாவுவதால்தான் தவறான ராடு வீட்டுக்கு வருகிறது. நடுவில் சில படிகள் இருக்கின்றன. மீன் என்ன தின்கிறது? அதைப்போல இருக்கும் ஃப்ளை எவ்வளவு பெரியது? அந்த ஃப்ளையைக் காற்றில் இழுத்துக்கொண்டு போக எவ்வளவு எடையுள்ள லைன் வேண்டும்? அந்த லைனை வீச எந்த ராடு வேண்டும்? இந்த வரிசையில் போனால் ராடு கடைசியில் தானாக வந்து நிற்கும்.

ஓர் உதாரணம். பைக் மீன் பல சமயம் இரண்டு, மூன்று கிலோதான் இருக்கும். அந்த எடையுள்ள ட்ரவுட் மீனை 5-ஆம் எண்ணில் நிதானமாகக் கரை சேர்க்கலாம். ஆனால் பைக் தின்பது மீனை. அதற்கான ஃப்ளை ஒரு சாண் நீளம், நனைந்தால் இன்னும் கனம். 5-ஆம் எண் லைனால் அதைத் திருப்பக்கூட முடியாது, வீசுகிறவரின் தலைக்குப் பின்னாலேயே விழும். அதனால்தான் பைக்குக்கு 8 முதல் 10. இங்கே எண்ணைத் தீர்மானித்தது ஃப்ளை, மீனின் எடை அப்புறம்தான்.

ஃப்ளைக்கு அடுத்தது காற்று. திறந்த கரையில் எதிர்க்காற்று இருந்தால் அதே ஃப்ளைக்கு ஓர் எண் கூட்டிக்கொள்ளலாம். மூன்றாவது, மீன் இருக்கும் இடம். மீன் ஓடி ஒளிய வேரும் பாறையும் இருந்தால் அதை அங்கே போகவிடாமல் நிறுத்தும் வலு ராடின் அடிப்பகுதியில் இருக்க வேண்டும்.

நன்னீர் மீன்களுக்கு எந்தெந்த எண் என்று நேராகச் சொல்லிவிடுங்களேன்.

சிற்றோடை ட்ரவுட்டுக்கும் கையளவு மீன்களுக்கும் 2 முதல் 4, ஏழெட்டு அடி நீளம் போதும். ஆற்று ட்ரவுட்டுக்கு 9 அடி, 5-ஆம் எண். உலகம் முழுக்க அதிகம் புழங்கும் ராடு இதுதான். கனமான நிம்ஃப் ஃப்ளைகளை (நீருக்கடியில் வாழும் இளம் பூச்சியைப் போலக் கட்டியவை) அடிநீரில் ஓடவிடுகிறவர்கள் 10 அடி நீளத்தில் 3 அல்லது 4 வைத்திருப்பார்கள், லைனைத் தண்ணீருக்கு மேலேயே தூக்கிப் பிடிக்க அந்த நீளம் உதவும். பாஸ் மீனுக்கு 6 முதல் 8. ஜிலேபிக்கு 4 அல்லது 5 தாராளம். பெரிய கெண்டைக்கு 7 அல்லது 8. ஸ்டீல்ஹெட் (கடலுக்குப் போய்த் திரும்பும் ட்ரவுட்) 7 அல்லது 8, சால்மன் 8 முதல் 10. அகலமான ஆற்றில் சால்மன் தேடுகிறவர்கள் இரண்டு கையாலும் வீசும் 13, 14 அடி ராடு எடுப்பார்கள், பின்னால் மரங்கள் நெருங்கியிருந்தாலும் அதில் லைனைத் தண்ணீரிலேயே உருட்டி வீசிவிடலாம்.

விராலை ஃப்ளையில் பிடிக்க முடியுமா?

முடியும், அருமையாக எடுக்கும். ஆனால் அது இருக்கும் இடம் முழுக்கக் கொடியும் தாமரை இலையும். 8-ஆம் எண் ராடு, மிதக்கும் லைன், ஆறேழு அடிக் குட்டை லீடர் (லைனையும் ஃப்ளையையும் இணைக்கும் மெல்லிய இழை), நுனியில் 20 பவுண்டுக்குக் குறையாமல் தாங்கும் நைலான். தவளை மாதிரி மிதக்கும் ஃப்ளைக்கு முள்ளை மறைக்கும் தடுப்பு கட்டாயம், இல்லாவிட்டால் ஒவ்வொரு வீச்சிலும் கொடியைத்தான் இழுத்துக்கொண்டிருப்பீர்கள். எடுத்தவுடன் தலையைத் திருப்பி வெளியே கொண்டுவர வேண்டும். விளையாட விட்டால் கொடிக்குள் சுற்றிக்கொள்ளும்.

தண்ணீர்மேல் ஆரஞ்சு நிறத்தில் குஞ்சுக் கூட்டம் கொப்பளிப்பது தெரிந்தால் அந்த இடத்தை விட்டுவிடுங்கள். தாய் தகப்பன் விரால் கீழே காவல் இருக்கும், எதைப் போட்டாலும் பாயும். அதைத் தூக்கிவிட்டால் குஞ்சுகள் மற்ற மீன்களுக்கு இரை.

மகசீருக்கு?

8 முதல் 10. வேகமான ஆற்றில் வாழும் மீன், மாட்டியதும் நீரோட்டத்தோடு கீழே ஓடும், அதனால் ரீலில் பின்நூல் (லைனுக்குப் பின்னால் சுற்றி வைக்கும் கூடுதல் நூல்) நிறைய வேண்டும். முள் விஷயத்தில் கஞ்சத்தனம் கூடாது. மகசீரின் தொண்டைக்குள் இருக்கும் பற்கள் மெல்லிய முள்ளை நசுக்கிவிடும், தடித்த கம்பியில் செய்த முள்ளே நிற்கும். தங்க மகசீர், காவிரியின் கூன்முதுகு மகசீர் இரண்டுமே அழிவின் விளிம்பை நோக்கிப் போகிற இனங்கள். அனுமதி உள்ள இடத்தில் மட்டும், நுனியில் எதிர்முள் இல்லாத ஒற்றைத் தூண்டில் முள்ளோடு பிடித்து, தண்ணீரிலேயே வைத்து விட்டுவிட வேண்டும். இதில் எனக்கு இரண்டாவது பேச்சே கிடையாது.

கடலுக்கு என்ன எடுக்கணும்?

8-ஆம் எண்ணிலிருந்து ஆரம்பியுங்கள். போன்ஃபிஷுக்கு 7 அல்லது 8, கழிமுகக் கொடுவாவுக்கு 8 முதல் 10, பெர்மிட்டுக்கு 9 அல்லது 10. ஷீலா, வஞ்சிரம் 9 அல்லது 10. அட்லாண்டிக் டார்ப்பனுக்கும் பெரும்பாறை மீனுக்கும் (ஜயன்ட் ட்ரெவாலி) 11 அல்லது 12. மயில்மீனுக்கு 12-க்கு மேல்.

கொடுவாவுக்கு ஒரு வார்த்தை கூடுதலாக. அதன் வாய் அரம் மாதிரி சொரசொரப்பு, செவுள் மூடியின் விளிம்போ கத்தி. நுனியில் 40 முதல் 60 பவுண்டு தடித்த நைலான் இல்லாவிட்டால் தலையை உதறும் முதல் தடவையே அறுத்துக்கொண்டு போகும். இன்னொன்று, கொடுவா ஆணாக வளர்ந்து பின்னால் பெண்ணாக மாறும் மீன். கையில் வரும் பெரிய கொடுவா பெரும்பாலும் முட்டையிடும் பெண்தான். பெரியதை விட்டுவிட்டு நடுத்தரமானதை எடுத்துக்கொள்வது எல்லோருக்கும் நல்லது.

ரீல் என்பது லைனைச் சுற்றி வைக்கும் டப்பாதானே? அதுக்கு ஏன் இவ்வளவு செலவு?

சிறிய ட்ரவுட்டுக்கு நீங்கள் சொல்வது உண்மை. லைனைக் கையாலேயே இழுத்து மீனைக் கொண்டுவந்துவிடலாம். அங்கே காசை லைனில் போடுங்கள். ராடை விடவும் லைன்தான் வீச்சை மாற்றும்.

கடலில் ரீல்தான் பிரேக். போன்ஃபிஷ் முதல் ஓட்டத்திலேயே லைன் முழுவதையும் இழுத்துப் பின்நூலுக்குள் போய்விடும். அங்கே பிரேக் விட்டுவிட்டுப் பிடித்தால் டிப்பெட் (லீடரின் மெல்லிய நுனித் துண்டு) அறுந்துவிடும். உப்பும் மணலும் உள்ளே போகாத மூடிய பிரேக், அகன்ற உருளை, குறைந்தது 150 முதல் 200 மீட்டர் பின்நூல், இவை மூன்றும் வேண்டும். பின்நூல் 9-ஆம் எண் வரை 20 பவுண்டு, அதற்கு மேல் 30 பவுண்டு. வீடு திரும்பியதும் நல்ல தண்ணீரில் அலசுங்கள். குழாயைப் பீய்ச்சி அடித்தால் உப்பு உள்ளேதான் போகும், மெதுவாக நனைத்தால் போதும்.

பிரேக்கை எவ்வளவு இறுக்கி வைப்பது? கையால் இழுத்துப் பார்த்தால் எல்லாம் ஒரே மாதிரிதான் இருக்கிறது.

கையை நம்பாதீர்கள். லக்கேஜ் நிறுக்கும் கொக்கித் தராசை லீடர் நுனியில் மாட்டி, ரீலிலிருந்து நேர்க்கோட்டில் மெதுவாக இழுங்கள். லைன் நகர ஆரம்பிக்கும்போது தராசின் முள் எங்கே நிற்கிறது என்று பாருங்கள். டிப்பெட் தாங்கும் எடையில் கால்பங்கு அளவில் இருந்தால் சரி. 16 பவுண்டு டிப்பெட் என்றால் சுமார் 4 பவுண்டு, இரண்டு கிலோவுக்குச் சற்றுக் குறைவு. நகரத் தொடங்கும் நேரத்தில் முள் எகிறிக் குதித்து அப்புறம் இறங்கினால் அந்த ரீலின் பிரேக் நல்லதில்லை. மெல்லிய டிப்பெட்டை அறுப்பது அந்த முதல் எகிறல்தான்.

மீன் ஓடிக்கொண்டிருக்கும்போது பிரேக்கை இறுக்கக் கூடாது. லைன் போகப் போக உருளையில் சுற்று குறைந்து விட்டம் சிறுக்கும். அதே பிரேக் அப்போது இன்னும் கடினமாக இழுக்கும். தண்ணீரில் நீளமாகக் கிடக்கும் லைனின் இழுவையும் சேர்ந்துகொள்ளும். நீங்கள் ஒன்றும் செய்யாமலே டிப்பெட்டின் மேல் பாரம் ஏறிக்கொண்டிருக்கும்.

டிப்பெட்டில் 3எக்ஸ், 5எக்ஸ் என்று இருக்கிறதே, எப்படித் தேர்ந்தெடுப்பது?

எக்ஸ் எண் கூடினால் தடிமன் குறையும். 0எக்ஸ் என்பது 0.011 அங்குலம், ஒவ்வோர் எக்ஸுக்கும் 0.001 அங்குலம் கழியும். 5எக்ஸ் 0.006 அங்குலம், அதாவது 0.15 மி.மீ. முள்ளின் எண்ணை மூன்றால் வகுத்தால் ஏறத்தாழ எக்ஸ் கிடைக்கும். 14-ஆம் எண் முள்ளுக்கு 5எக்ஸ். 6-ஆம் எண் முள்ளுக்கு 2எக்ஸ். முள்ளில் எண் கூடினால் அளவு சிறுக்கும் என்பதை மட்டும் மறக்காதீர்கள். ஃப்ளைக்கு டிப்பெட் தடித்துவிட்டால் அது உயிரில்லாமல் விறைத்து மிதக்கும், மெலிந்துவிட்டால் லீடர் விரியாமல் சுருண்டு விழும்.

கடலில் எக்ஸ் கணக்கு இல்லை, பவுண்டு கணக்குத்தான். மிதக்கும் ஃப்ளைக்கு நைலான், மூழ்கும் ஃப்ளைக்கு ஃப்ளூரோகார்பன் நல்லது. பின்னது அடர்த்தி அதிகம், தானாக மூழ்கும், உராய்வையும் தாங்கும்.

ஸ்டீல் கம்பி எப்போது போடணும்? போட்டால் மீன் பார்த்துவிடாதா?

வெட்டும் பல் இருக்கிற மீனுக்கு மட்டும். பைக், ஷீலா, வஞ்சிரம் மூன்றுக்கும் தயங்காமல் போடுங்கள். வஞ்சிரத்துக்கும் ஷீலாவுக்கும் ஒரு சாண் நீளம் போதும், பைக்குக்கு ஓர் அடி. அவை வேகமாகப் பாய்ந்து வெட்டுகிறவை, கம்பியை ஆராய்ந்துகொண்டு நிற்பதில்லை. கொடுவாவுக்கும் டார்ப்பனுக்கும் வெட்டும் பல் இல்லை, அரம்போல அராவுகிற வாய்தான், அதனால் மேலே சொன்ன தடித்த நைலான் போதும்.

மிதக்கும் லைன் ஒன்று வாங்கினால் எல்லாத்துக்கும் போதாதா?

ஆரம்பத்துக்குப் போதும். பெட்டியில் டபிள்யூ.எஃப்.8.எஃப். என்று இருந்தால் முன்பக்கம் கனமான, 8-ஆம் எண், மிதக்கும் லைன். கடைசியில் எஸ் இருந்தால் மூழ்குவது. மீன் ஆழத்தில் இருக்கும்போது கனமான ஃப்ளையை மிதக்கும் லைனில் கட்டி இழுத்தால், இழுக்கும்போதெல்லாம் ஃப்ளை மேலே ஏறும். மூழ்கும் லைன் ஃப்ளையை அதே ஆழத்தில் ஓட்டும். அதோடு லீடரை மூன்று, நான்கு அடியாகக் குறைத்துவிடுங்கள். நீள லீடர் போட்டால் லைன் கீழே போயிருக்கும், ஃப்ளை மட்டும் மேலேயே நிற்கும்.

குளிர்ந்த ஆற்றில் அருமையாகப் போன லைன், வெயில் கடலில் நூடுல்ஸ் மாதிரி குழைகிறது. லைன் கெட்டுவிட்டதா?

கெடவில்லை. குளிர்நீர் லைனின் உள்நூலும் பூச்சும் குளிரிலும் வளைந்துகொடுக்கும்படி மென்மையாகச் செய்யப்படுகின்றன. சூட்டில் அவை இன்னும் இளகி, ராடு வளையங்களில் ஒட்டி இழுக்கும். வெப்பநீர் லைனில் விறைப்பான உள்நூல் இருக்கும். அதைக் குளிர்நீருக்குக் கொண்டுபோனால் ஸ்பிரிங் மாதிரி சுருண்டு நிற்கும். வாங்கும்போது எண்ணோடு இதையும் கேட்டு வாங்க வேண்டும்.

ராடும் 8, லைனும் 8. இருந்தாலும் ராடு அளவுக்கு மீறி வளைகிறது. ஏன்?

பெட்டியில் எழுதியிருக்கும் கிரெயின் எடையைப் பாருங்கள். இன்றைய விறைப்பான ராடுகள் குறுகிய தூர வீச்சிலேயே வளைய வேண்டும் என்பதற்காக, பல லைன்களை அரை எண், ஓர் எண் கூடுதல் எடையில் செய்து அதே 8 என்ற பெயரில் விற்கிறார்கள். மேலே சொன்ன 210-க்குப் பதில் 240 இருந்தால் நீங்கள் கையில் வைத்திருப்பது 9-ஆம் எண் லைன். நிதானமாக வளையும் ராடு வைத்திருப்பவர் சரியான எடையையே தேட வேண்டும். விறைப்பான ராடோடு குறுகிய தூரம் வீசுகிறவருக்கு அந்தக் கூடுதல் எடை உதவும்.

எல்லாம் பொருத்தமாக வைத்திருந்தும் கடல் மீன் கடித்துவிட்டு விட்டுவிடுகிறதே?

ட்ரவுட் பழக்கத்தில் ராடை மேலே தூக்குகிறீர்கள். ராடின் நுனி மெல்லியது, தூக்கினால் வளைந்து வேகத்தை விழுங்கிவிடும். ட்ரவுட்டின் சின்ன முள்ளுக்கும் மெல்லிய டிப்பெட்டுக்கும் அதுதான் பாதுகாப்பு. பாறை மீனின் கெட்டி வாயில் பெரிய முள் ஏற அது போதாது. ராடு நுனியைத் தண்ணீரை நோக்கி நேராக வைத்துக்கொண்டு, லைனைக் கையால் நீளமாக இழுங்கள். பாரம் தெரிந்தால் இன்னொரு முறை இழுங்கள். அப்புறம்தான் ராடு உயர வேண்டும். தவறினாலும் ஃப்ளை மீனின் முன்னாலேயே இருக்கும், திரும்பி வந்து எடுக்கும்.

பெரும்பாறைக்கு 100 பவுண்டு லீடர் போட்டேன். லீடர் அறவில்லை, லைனே அறுந்துவிட்டது.

ஒரு கோவையில் எது வலு குறைந்ததோ அதுதான் அறும். சாதாரண லைனின் உள்நூல் 20, 30 பவுண்டுதான் தாங்கும். முன்னால் 100 பவுண்டு போட்டால் வலு குறைந்த இடம் லைனுக்குப் போய்விடுகிறது. மீனும் பல மீட்டர் லைனை இழுத்துக்கொண்டு சுற்றும். பெரும்பாறைக்கென்று வலுவான உள்நூல் வைத்த லைன்கள் வருகின்றன. அது இல்லாதவர் நடுவில் லைனை விட வலு குறைந்த ஒரு துண்டு டிப்பெட் வைத்துக்கொள்ள வேண்டும்.

அறுந்ததற்கு வேறொரு காரணமும் இருக்கலாம். லீடரையும் லைன் நுனியையும் விரல் நகத்துக்கும் கட்டைவிரலுக்கும் நடுவில் வைத்து மெதுவாக இழுத்துப் பாருங்கள். பவளப் பாறையில் உரசிய இடம் கண்ணுக்குத் தெரியாது, ஆனால் நகத்தில் லேசாகத் தட்டும். தட்டினால் அந்த இடத்துக்கு மேலே வெட்டிவிட்டுப் புதிதாகக் கட்டுங்கள். ஒவ்வொரு மீனுக்குப் பிறகும் இதைச் செய்ய வேண்டும்.

மீனைக் கரைக்குக் கொண்டுவந்த பிறகு ராடு ஒடிகிறது. ராடு சரியில்லையா?

பெரும்பாலும் கோணம்தான் காரணம். மீன் காலடிக்கு வந்ததும் ராடை நெட்டுக்குத்தாகத் தூக்கிப் பின்னால் சாய்த்தால் முழு பாரமும் மெல்லிய நுனிக்குப் போய்விடும். நுனி பெரிய பாரத்துக்குச் செய்யப்பட்டதே இல்லை. ராடைத் தாழ்த்திப் பக்கவாட்டில் பிடித்தால் தடித்த அடிப்பகுதி வேலை செய்யும். மீனும் சீக்கிரம் களைக்கும்.

சின்ன ராடில் பெரிய மீனைப் பிடிப்பதுதானே திறமை?

விட்டுவிடப்போகும் மீன் என்றால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். மெல்லிய ராடில் மீன் நெடுநேரம் போராடும். நீந்திப் போவது போலத் தெரிந்தாலும் பிறகு சாகலாம். வெப்பம் ஏற ஏறத் தண்ணீரில் ஆக்ஸிஜன் குறையும். ட்ரவுட் ஆற்றில் தண்ணீர் 20 டிகிரியைத் தொட்டால் தூண்டிலையே மூட்டை கட்டிவிடுவது நல்லது. சுறா திரியும் கடலில் களைத்த மீன் கரைக்கே வராது.

ஒரே ஒரு ராடுக்குத்தான் வழி இருக்கிறது என்றால்?

ஆறும் ஏரியும் மட்டும் என்றால் 9 அடி, 6-ஆம் எண். கடலும் உண்டு என்றால் 9 அடி, 8-ஆம் எண், கடலுக்கான ரீலோடு. 8-இல் சின்ன ட்ரவுட் பிடிப்பதில் சுகம் இல்லை, ஆனாலும் பிடிக்கலாம். 5-இல் கடற்காற்றை எதிர்த்து வீசவே முடியாது.

நீங்கள் ஃப்ளையிலிருந்து ஆரம்பிக்கச் சொன்னீர்கள். பால்மீன் பாசி தின்கிறது, ஃப்ளை விரல்நுனி அளவுதான். அப்படியென்றால் 5-ஆம் எண் போதுமே?

சரியான இடத்தில் பிடித்துவிட்டீர்கள். அந்த ஃப்ளையை வீச 5 போதும். நிறுத்தத்தான் போதாது. பால்மீன் பத்துக் கிலோவைத் தாண்டக்கூடியது, மாட்டியதும் நிற்காமல் ஓடும், குதிக்கும். அதனால் 9 அல்லது 10, 16 முதல் 20 பவுண்டு டிப்பெட், 200 மீட்டருக்கு மேல் பின்நூல். நண்டு தின்னும் பெர்மிட், குட்டி நிம்ஃப் எடுக்கும் பெரிய கெண்டை எல்லாம் இந்த வகைதான். ஃப்ளை ஓர் எண்ணைச் சொல்லும், மீனின் ஓட்டம் ஓர் எண்ணைச் சொல்லும், இரண்டில் பெரியதை எடுங்கள்.

பெரிய ராடில் சின்ன ஃப்ளையை மெதுவாக இறக்குவது லீடரின் வேலை. 12 அடி வரை நீட்டுங்கள், நுனிக்குப் போகப் போகப் படிப்படியாக மெலியட்டும். முள் சிறிதானாலும் கம்பி தடித்ததாக இருக்கட்டும். பால்மீன் கூட்டம் மேல்மட்டத்தில் வாயைத் திறந்துகொண்டு பாசியை வடிகட்டியபடி வரும்போது, அதன் பாதையில் முன்கூட்டியே ஃப்ளையைப் போட்டு இழுக்காமல் மிதக்க விடுங்கள். லைன் லேசாக இறுகினால் ராடைத் தூக்காமல் கையால் இழுங்கள். முள் ஏறிய நொடியே, காலடியில் கிடக்கும் லைன் எங்கும் சிக்காமல் ரீலுக்குப் போகிறதா என்று மட்டும் பாருங்கள்.